எதிரில் இருப்பவரின் கை

சாப்பிட உட்கார்ந்தால் நாங்கள் எல்லோரும் என்ன கறி என்று பார்ப்போம். அந்த அக்கா எதிரில் இருப்பவரின் கையைத்தான் முதலில் பார்ப்பார். அந்தக் கை கத்தியை எடுத்தால் இவரும் கத்தியை எடுப்பார். குச்சியை எடுத்தால் குச்சி. கரண்டியென்றால் கரண்டி. கவனிக்காதவர்களுக்கு இது தெரியாது. எனக்குத் தெரிந்தது. அடுத்தவர் வீட்டுக்குள் எட்டி விடுப்புப் பார்க்காவிட்டால் எனக்குப் பொழுது போகாது, ஒளிப்பானேன்.

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில், தொங்குரயில் வளைவில் திரும்புகிற சத்தம் குசினி யன்னல் வரைக்கும் கேட்கிற ஒரு பழைய கட்டடம். நாங்கள் மூன்றாம் மாடி, அவர் இரண்டாம் மாடி. மலேசியத் தமிழர். ஈப்போவில் ஈயச் சுரங்கத்துக்கு மெசின் பூட்ட வந்த ஜெர்மன்காரரைக் கலியாணம் முடித்து எழுபதுகளில் இங்கே வந்தவர். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் நாங்கள் அங்கே குடிபோனபோது அந்த மனிதர் இறந்துபோயிருந்தார். பிள்ளைகள் இல்லை. எங்கள் இலங்கை ஆட்கள் அவரை மலேசியா அக்கா என்பார்கள். அவருக்கு நல்லதொரு பெயர் இருந்தது. அதை எழுதினால் வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோலிருக்கிறது. ஆகவே அக்கா என்றே இருக்கட்டும்.

முதன்முதல் அவர் வீட்டுக் கதவைத் தட்டியது உடுப்புத் தோய்க்கும் மெசின் விசயமாக. நிலவறையில் இருந்த அந்த மெசினை யார் எந்த நாளில் பாவிக்கலாம் என்று ஜெர்மன் மொழியில் எழுதிய ஒரு மட்டை தொங்கியது. எனக்கு விளங்கவில்லை. கதவைத் திறந்த கறுப்பு முகத்தைப் பார்த்ததும் என்னை அறியாமல் தமிழ் வந்துவிட்டது. அவர் கதவை அகலத் திறந்தார். பிறகு, "தமிழா? உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். மெசின் கதையை இரண்டு பேரும் மறந்துபோனோம்.

அவர் அப்போதுதான் நூடில்ஸ் பிரட்டி வைத்திருந்தார். மலேசிய முறை, உறைப்பும் இனிப்பும் இறாலும். எனக்கும் ஒரு தட்டில் போட்டு முள்ளுக்கரண்டியைப் பக்கத்தில் வைத்தார். எனக்கு முள்ளுக்கரண்டியைச் சுற்றத் தெரியாது. இரண்டு தரம் சுற்றினேன், இரண்டு தரமும் நூடில்ஸ் வழுக்கித் தட்டிலேயே விழுந்தது. மூன்றாம் தரம் சட்டையில் விழுந்தது. சீ போ என்று முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டுக் கையால் அள்ளினேன். வாய்க்குள் பாதி, வெளியே பாதி. நிமிர்ந்தால் அக்கா என் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு முகமெல்லாம் சுட்டது. அவர் தன் முள்ளுக்கரண்டியை மெல்ல ஓரமாக வைத்துவிட்டு நூடில்ஸைக் கையால் அள்ளி அண்ணாந்து வாயில் விட்டார்.

"இப்படித்தான் ருசி லா தங்கச்சி. இவ்வளவு நாளும் இது தெரியாம இருந்துட்டேன்" என்றார். வாய்க்கு வாய் லா போடுவது அவர் ஊர்ப் பேச்சு.

உலகத்தில் யாரும் நூடில்ஸைக் கையால் சாப்பிடுவதில்லை என்று எனக்குப் பிறகுதான் தெரியும். தெரிந்த அன்று சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

ஏன் இப்படி என்று பிறகொரு நாள் கேட்டேன். ஈப்போவில் அவர் வீட்டுக்கு எதிரே ஒரு காப்பிக் கடை. மேசைக்கு மேசை ஒரு பழைய பிஸ்கட் டின், அதற்குள் குச்சி, கரண்டி, முள்ளுக்கரண்டி எல்லாம் கலந்து நிற்கும். ஒரே மேசையில் சீனர் குச்சி எடுப்பார், மலாய்க்காரர் கரண்டி எடுப்பார், தமிழர் பின்னால் போய்க் கை கழுவிக்கொண்டு வருவார். இவருடைய அப்பா ரயில்வேயில் கிளார்க். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் எதையும் எடுக்கவிடமாட்டாராம். எதிரில் இருப்பவர் முதலில் எடுக்கட்டும், அவருக்குக் கூச்சம் வரக்கூடாது என்பாராம். அக்காவுக்கு அது ஊறிப்போய்விட்டது.

அவரைத் திருத்தப் பார்த்தவர் மாமியார்தான். கலியாணம் முடித்து வந்த புதிதில் மாமியாரோடு இருந்திருக்கிறார். நாங்கள் சாப்பிடும்போது இடக்கையை மடியில் வைத்துக்கொள்வோம், அது மேசைக்கு மேலே வந்தால் மரியாதைக் குறைவு. ஜெர்மன்காரருக்கு அப்படியே தலைகீழ். மேசைக்குக் கீழே கை போனால் அங்கே என்ன வேலை என்று கேட்பார்கள். மாமியார் ஒவ்வொரு நேரமும் ஒன்றும் பேசாமல் இவருடைய இடக்கையை எடுத்து மேசையில் வைப்பாராம். அது மட்டுமா? முள்ளுக்கரண்டி இடக்கையில், கத்தி வலக்கையில். சாப்பாட்டை வாய்க்குக் கொண்டுபோவது இடக்கை! அக்கா அதைச் சொல்லும்போது இடக்கையைத் தூக்கி ஒரு தரம் பார்த்தார். முதல் நாள் உருளைக்கிழங்குத் துண்டு ஒன்று தொண்டையில் இறங்கவே இல்லையாம். குளியலறைக்குப் போய்த் துப்பிவிட்டு, முகம் கழுவி, திரும்ப வந்து இருந்து மிச்சத்தைச் சாப்பிட்டாராம்.

"அவர் பாவம் லா. அம்மாவையும் பார்க்கிறார், என்னையும் பார்க்கிறார். நான் பழகிக்கிட்டேன்" என்றார். அவர் என்றது கணவரை. அந்த மனிதருடைய கடைசி நாள் வரைக்கும் அக்கா வீட்டில் கத்தியும் முள்ளுக்கரண்டியும்தான். அவர் நல்ல மனிதர் என்றுதான் அக்கா எப்போதும் சொல்வார். நானும் நம்புகிறேன். ஆனால் அவர் ஒரு நாளாவது கையால் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தாரா என்று கேட்டபோது, அவருக்குக் கையால் சாப்பிடத் தெரியாதே என்று சொல்லிவிட்டு எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விட்டார்.

கீழ்மாடியில் உடுப்புத் தைத்துக் கொடுக்கும் வியட்நாம்காரி ஒருத்தி இருந்தாள். சில சனிக்கிழமைகளில் மூன்று பேரும் அவள் வீட்டில் சாப்பிடுவோம். அவள் சோற்றுக் கிண்ணத்தை உதட்டோடு வைத்துக் குச்சியால் உள்ளே தள்ளுவாள், சூப்பைச் சத்தம் போட்டு உறிஞ்சுவாள். நான் இது என்ன பழக்கமடா என்று மனதுக்குள் திட்டுவேன். அக்காவும் கிண்ணத்தை உதட்டுக்குக் கொண்டுபோய் அதே மாதிரி உறிஞ்சுவார். நான் கரண்டியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் கரண்டியால் சாப்பிடுவார். பிறகு குச்சி. பிறகு திரும்பக் கரண்டி. இரண்டு பேருக்கும் நடுவில் அந்த மனுசி பட்ட பாடு!

ஒரு நாள் என் வாய் சும்மா இருக்கவில்லை. "அக்கா, நீங்கள் தனிய இருக்கேக்கை எப்பிடிச் சாப்பிடுவியள்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். தனியாக இருந்தால் எதற்குச் சாப்பாடு, வெண்ணெய் பூசின ஒரு துண்டு பாண் போதும் என்றார். பகிடியாக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவார். தேர்த் திருவிழாவுக்குப் போவதுபோல சேலை உடுத்துக்கொண்டு ஒரு மாடி ஏறி வருவார். சோறு, சொதி, முருங்கையிலை கிடைத்தால் ஒரு வறை, துருக்கிக் கடையில் நண்டு வந்தால் நண்டுக் கறி. இலங்கை உறைப்பில் அவருக்கு மூக்கால் ஓடும். துடைத்துத் துடைத்துச் சாப்பிடுவார். எங்கள் வீட்டில் மட்டும் அவர் யாருடைய கையையும் பார்க்கமாட்டார். கை கழுவி வந்து இருந்ததும் நாங்கள் தொடங்குமுன் தொடங்கிவிடுவார். பசியாக்கும் என்று நான் நினைத்தேன். என் கணவர் அவரைப் பகிடி பண்ணுவார், அக்கா வந்தால் எங்களுக்கு நண்டின் கோதுதான் மிச்சம் என்று. அக்கா கேட்டும் கேளாதவர் மாதிரி ஒரு காலை முறித்து உறிஞ்சுவார்.

சாப்பிட்டு முடிந்து கை கழுவப் போனால் சவர்க்காரத்தைத் தொடமாட்டார். வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத் துடைப்பார். முதல் நாள் நான் சவர்க்காரத்தை எடுத்து நீட்டினேன்.

"சோப்பு வேணாம் தங்கச்சி. வாசம் இருக்கட்டும்" என்றார்.

விரல்களை மூக்கருகே பிடித்தபடி படி இறங்கிப் போனார். கீழே அவர் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும் வரைக்கும் நான் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு புரட்டாதியில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வியட்நாம்காரிதான் படியில் கண்டு அம்புலன்சுக்கு அடித்தாள். உயிர் தப்பியது, பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. வலக்கை திரும்பவில்லை. தோளிலிருந்து தொங்கியது. உடம்பைப் பழக்குகிற நிலையத்தில் சில கிழமை வைத்திருந்தார்கள். நான் பார்க்கப் போனபோது அங்கே இருந்த பெண்பிள்ளை அக்காவைப் புகழோ புகழென்று புகழ்ந்தாள். மற்ற நோயாளிகள் இடக்கையால் சாப்பிடப் பழக மாதக்கணக்கு எடுக்குமாம், இவர் முதல் நாளே முள்ளுக்கரண்டியை என்ன அழகாகப் பிடிக்கிறார் என்றாள். நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அக்கா, மாமியாருக்கு நன்றி சொல்லணும் லா என்றார். கோணிப்போன வாயால் சிரித்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் மேலே வரவில்லை. முதல் ஞாயிறு களைப்பு என்றார். அடுத்த ஞாயிறு படி ஏறக் கஷ்டம் என்றார். நாங்கள் தூக்கிக்கொண்டு வாறம் என்று என் கணவர் சொன்னதற்கு, வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டார். நான் சாப்பாட்டைச் சட்டியோடு கீழே கொண்டுபோய்க் கொடுப்பேன். மறுநாள் போனால் சட்டி அப்படியே இருக்கும், மேலே ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கும். சேலை உடுத்த முடியாமல் ஒரு நீளச் சட்டையோடு இருந்தார். சட்டைக்குள் ஆள் கரைந்துகொண்டு போனார். டாக்டர் எடை குறைவதைக் கண்டு, இப்படியே போனால் திரும்ப ஆஸ்பத்திரிதான், குழாயால்தான் சாப்பாடு என்று சொல்லிவிட்டாராம். எனக்குப் பயம் வந்தது. பிறகு கோபம் வந்தது. நேரே போய்ச் சண்டை பிடித்தேன். இடக்கையால் சாப்பிடத் தெரியும்தானே, எங்களோடு வந்திருந்து முள்ளுக்கரண்டியால் சாப்பிட்டால் என்ன, யார் உங்களைக் குறை சொன்னது என்று கத்தினேன்.

அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க எல்லாம் கையால சாப்புடுவீங்க. நடுவுல நான் வெள்ளைக்காரி மாதிரி ஒக்காரணுமா?" என்றார்.

அட, இவ்வளவுதானா என்று எனக்கு ஒரே சந்தோசம். எதிரில் இருப்பவர் எப்படிச் சாப்பிடுகிறாரோ அப்படித்தான் இவர் சாப்பிடுவார். நாங்கள் முள்ளுக்கரண்டியை எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு படி ஏறினேன்.

வீட்டில் ஒன்றுக்கொன்று சேராத இரண்டு மூன்று முள்ளுக்கரண்டிதான் கிடந்தன. மலிவுக் கடைக்குப் போய் ஒரு பெட்டி வாங்கினேன். நண்டு இல்லை, முள்ளு மீன் இல்லை, எலும்பு இல்லை. சோறு குழையாமலும் உதிராமலும் வடித்தேன். கோழியை எலும்பு நீக்கிப் பிரட்டினேன், சொதியைத் தவிர்த்தேன், கத்தரிக்காயைத் துண்டு துண்டாகப் பொரித்தேன். முள்ளுக்கரண்டியில் நிற்கிற கறி எது, வழுக்குகிற கறி எது என்று அந்த ஒரு கிழமையில் எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு எந்தத் தமிழிச்சிக்கும் தெரிந்திருக்காது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பழக்கம், பிரச்சினையில்லை. என் கணவர்தான் சோற்றை இடக்கையால் தூக்கி மூக்கடிக்குக் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டார். பழகுங்கோ, அக்காவுக்காகத்தானே என்று அதட்டினேன்.

ஞாயிறு மத்தியானம் நானும் கணவரும் இரு பக்கமும் தாங்கி அக்காவை மேலே கூட்டி வந்தோம். ஒரு விசயம் இருக்கு, வாங்கோ என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். மேசையில் இருத்தினேன். சோறு போட்டேன். நாங்கள் எல்லோரும் முள்ளுக்கரண்டியை இடக்கையில் எடுத்தோம்.

அன்றைக்குத்தான் அக்கா எங்கள் வீட்டில் முதன்முதலாக எங்கள் கைகளைப் பார்த்தார். என் கை, கணவருடைய கை, பிள்ளைகளுடைய கை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தன் முள்ளுக்கரண்டியை எடுத்தார். ஒரு துண்டுக் கோழி குத்தினார். வாயில் வைத்தார். மென்றுகொண்டே இருந்தார், விழுங்கவில்லை. கண்ணீர் பொலபொலவென்று தட்டில் விழுந்தது.

என் கணவர் திகைத்துப்போனார். "உறைப்போ அக்கா?" என்றார்.

அக்கா இல்லையென்று தலையாட்டினார். ஒருவழியாக விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தார். நோயால் நாக்கு இழுத்தது, சொல் சொல்லாகத்தான் வந்தது.

"அவர்கூட கத்தி, முள்ளுக்கரண்டி. கீழ்வீட்டுக்காரிகூட குச்சி. எல்லாம் அவங்களுக்காக. இங்க மட்டும்தான் தங்கச்சி நான் எனக்காகச் சாப்டேன். நான் வராட்டியும், மேல நீங்க கையால சாப்புட்டுக்கிட்டு இருக்கீங்கன்னு நினைச்சுக்குவேன். இப்ப நீங்களும் இதை எடுத்துட்டா நான் எங்க லா போவேன்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏன் இந்த வீட்டில் மட்டும் அவர் யாருடைய கையையும் பார்க்கவில்லை, ஏன் எங்களுக்கு முந்தித் தொடங்கினார் என்று. அவருக்குப் பசி இருந்ததுதான், அது நான் நினைத்த பசி இல்லை. இவ்வளவு காலமும் பக்கத்தில் இருந்து பார்த்த எனக்கு அது விளங்கவில்லையே என்று என்மீதே ஆத்திரம் வந்தது.

நான் எழும்பி மேசையில் கிடந்த முள்ளுக்கரண்டிகளை எல்லாம் அள்ளிக்கொண்டுபோய்க் குசினித் தொட்டிக்குள் போட்டேன். கை கழுவினேன். அக்காவின் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து அவருடைய தட்டில் சோற்றையும் கோழியையும் கத்தரிக்காயையும் சேர்த்துக் குழைத்தேன். எங்கள் ஊரில் ஊட்டுவதைத் தீத்துவது என்போம்.

"அக்கா, நான் தீத்திவிடட்டே?"

"நான் என்ன குழந்தையா?"

"ஓம். இண்டைக்கு மட்டும்."

அவர் வாயைத் திறக்கவில்லை. இடக்கையால் தன் வலக்கையைத் தேடிப் பிடித்தார். மடியில் கிடந்த அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்துத் தூக்கி, அது மேசை விளிம்பில் ஒரு தரம் தட்டுப்பட, தட்டுக்குள் சோற்றின்மேல் வைத்தார். விரல்கள் மடங்கியபடி கிடந்தன. நான் ஒவ்வொரு விரலாக விரித்துவிட்டேன். என் கணவர் பிள்ளைகளைப் பார்த்துச் சாப்பிடுங்கோ என்றார்.

"இதுவும் கொஞ்சம் சாப்புடட்டும்" என்றார் அக்கா. பிறகு வாயைத் திறந்தார்.

அந்தக் கை கிடந்த தட்டிலிருந்தே நான் உருட்டி உருட்டிக் கொடுத்தேன். தட்டு முழுவதும் முடிந்தது. இன்னும் கொஞ்சம் போட்டேன், அதுவும் முடிந்தது. முடிந்த பிறகு ஒரு பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் கொண்டு வந்து அவர் கையை அதற்குள் வைத்தேன். மஞ்சளும் எண்ணெயும் தண்ணீரில் பரவின. பழக்கத்தில் சவர்க்காரத்தை எடுத்துவிட்டேன்.

"சோப்பு வேணாம்" என்றார்.

நான் அந்தக் கையைத் துடைத்துத் தூக்கி அவர் மூக்கருகே பிடித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தார்.

இன்றைக்கு மட்டும் என்று சொன்னது பிறகு எல்லா ஞாயிறும் ஆனது. அந்த மாரி முழுவதும் வந்தார். நண்டும் திரும்ப வந்தது. கோதை உடைத்துச் சதையை நான் எடுத்துக் கொடுப்பேன், போதாது, காலை உறிஞ்சத் தா என்று சண்டை பிடிப்பார். கன்னத்தில் கொஞ்சம் தசை வைத்தது. அவருடைய வலக்கை எப்போதும் தட்டில் இருக்கும். பிள்ளைகள் அதற்குப் பழகிவிட்டார்கள், அதன்மேல் ஒரு பப்படத் துண்டு வைத்துவிட்டுப் போவார்கள்.

மாசியில் இரண்டாம் முறை பாரிசவாதம் வந்தது. இந்த முறை எழும்பவில்லை. ஆஸ்பத்திரியில் குழாய் போட்டிருந்தார்கள். ஒரு வாய் சோறு தீத்தக் கேட்டேன், ஏலாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்றார்கள். அவர்கள் சொன்னது சரிதான். ஆனாலும் நான் போகும்போதெல்லாம் ஒரு சின்னப் பெட்டியில் குழைத்த சோறு கொண்டுபோவேன், திருப்பிக் கொண்டுவருவேன்.

செத்த வீட்டை ஒழுங்கு செய்தது அவர் கணவருடைய சகோதரி மகள். நல்ல பிள்ளை. மயானத்துக்குப் பக்கத்துச் சின்ன மண்டபத்தில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். சேலை நான்தான் கொடுத்தது. இரண்டு கைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வயிற்றில் வைத்திருந்தார்கள், இடக்கை மேலே. அது எனக்குப் பொறுக்கவில்லை. யாரும் பார்க்காதபோது வலக்கையை எடுத்து மேலே வைத்தேன். வைத்தவள் விடாமல் குனிந்து அதை முகர்ந்து பார்த்தேன். சவர்க்கார வாசம்தான் வந்தது. ஆஸ்பத்திரிச் சவர்க்காரம், நகக்கண் வரைக்கும் நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். அதுவரைக்கும் அழாத நான் அப்போது அழுதேன்.

காலையில் பிள்ளைகளுக்குக் கறி வைத்துவிட்டு அவசரத்தில் வெறும் தண்ணீரில்தான் கை கழுவியிருந்தேன், விரலில் வாசம் இன்னும் இருந்தது. என் கையை அவருடைய கைமேல் வைத்து அழுத்திக்கொண்டேன். நேரமாச்சு, மூடப் போகினம், வா என்று என் கணவர் தோளைத் தொட்டார். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்றேன்.